திருமணிமுத்தாறு எங்கே? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சேலம் பழைய ஆற்றங்கரை நகரம் என்று நீங்கள் எழுதியிருந்ததை நம்பி, ஏற்காட்டிலிருந்து இறங்கியதும் நானும் என் துணைவியாரும் அங்கே ஒரு நாள் தங்கினோம். பணி ஓய்வு பெற்றவர்கள், அவசரம் ஒன்றுமில்லை. சுகவனேஸ்வரர், கோட்டை மாரியம்மன், அழகிரிநாதர் என்று நிறைவான தரிசனம். மாலையில் தட்டுவடை செட். ஆனால் ஆறு? விசாரித்தால் ஒரு சாக்கடையைக் காட்டுகிறார்கள். காவிரிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

ஒரு வாசகர், திருவரங்கம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்குக் காட்டியது ஆற்றைத்தான். அந்தக் கறுத்த நீர்தான் திருமணிமுத்தாறு. மஞ்சவாடிப் பக்கம் சேர்வராயன் மலைச்சரிவில் பிறந்து, ஊருக்கு நடுவே ஓடி, தெற்கே போகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டியிருக்கிறது என்பதற்காக அதை ஆறு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நீங்கள் அன்று சுற்றியதெல்லாம் அதன் கரையில்தான். சேலத்தின் கோட்டை இந்த ஆற்றை ஒட்டி எழுந்தது. மதில்கள் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது. அந்தச் சிறிய வட்டாரத்துக்குள்ளேயே பெருமாள் கோயிலும் ஜாமியா மசூதியும் மாரியம்மனும் அமைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊரின் பேட்டை மாரியம்மன்களுக்கெல்லாம் கோட்டை அம்மனே மூத்தவள். ஆடியில் வந்திருந்தால் நடக்க இடம் கிடைத்திருக்காது.

ஒன்றை மட்டும் தவறவிட்டுவிட்டீர்கள், உத்தமசோழபுரம். நகரத்துக்குத் தெற்கே, இதே ஆற்றின் கரையில் கரபுரநாதர் கோயில் இருக்கிறது. மூலவர் லிங்கம் சற்றே சாய்ந்திருக்கும். பூசை செய்ய வந்த சிறுவனுக்கு எட்டவில்லை என்று இறைவன் தலை சாய்த்துக் கொடுத்தாராம். பாரியின் மகளிருக்கு ஔவையார் மூவேந்தரையும் அழைத்து மணம் முடித்து வைத்தது இந்த ஊரில்தான் என்றும் சொல்கிறார்கள். வரலாறா என்று நான் வாதிடப் போவதில்லை. தந்தையை இழந்த பெண்களுக்கு ஒரு கிழவி முன்னின்று செய்த கல்யாணத்தைத் தன் ஊரில் நடந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மக்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி உங்கள் காவிரிக்கு வருகிறேன். திருமணிமுத்தாறு உத்தமசோழபுரத்தோடு முடிந்துவிடவில்லை. நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து அந்த நீர் கிழக்கே, உங்கள் திருவரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையை நோக்கித்தான் வருகிறது. சேலத்து வீடுகளின் கழிவும் சாயப்பட்டறைகள் திறந்துவிடும் நீரும் அதில் சேர்த்தி. மலையில் மழை கொட்டினால் ஆற்றில் வெள்ளை நுரை பொங்குவதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். மழைநீரோடு போய்விடும் என்று கழிவைத் திறந்துவிடுகிறார்கள். அது எங்கேயும் போய்விடுவதில்லை, கீழே இருக்கிறவர்களிடம் வருகிறது. ஆகவே இந்த ஆற்றைப் பற்றிக் கேட்க எங்களுக்கு எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உங்களுக்கும் உண்டு. எனக்கு எழுதியதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள். கீழ்க்கரையிலிருந்து வரும் கடிதத்துக்குத் தனி எடை உண்டு.

மறுபடி வரும்போது துணைவியாரையும் அழைத்துக்கொண்டு காலையிலேயே உத்தமசோழபுரம் போய்விடுங்கள், உச்சிப் பொழுதில் நடை சாத்திவிடுவார்கள். டவுன் பஸ் இருக்கிறது.

அன்புடன்.