மூன்றாவது கிலோமீட்டரில் விலாவுக்குக் கீழே குத்தல்

ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் மூன்றாவது கிலோமீட்டர் வந்ததும் வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று குத்துகிறது, மூச்சை இழுத்தாலே வலி, ஓடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒரு பெரிய டம்ளர் பழச்சாறு, இரவில் 5 மணி நேரத் தூக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தப் பழச்சாற்றை நிறுத்துங்கள். சர்க்கரை அடர்த்தியான பானம் வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். வயிறு நிறைந்திருக்கும்போது ஓடினால் இந்தக் குத்தல் எளிதில் வரும். வயிறாரச் சாப்பிட்டால் 2, 3 மணி நேரம் விட்டு ஓடுங்கள். தாகமெடுத்தால் தண்ணீர் இரண்டு மடக்கு போதும்.

அடுத்தது தொடக்க வேகம். முதல் 10 நிமிடம், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். மூச்சும் மேல் நெஞ்சிலேயே நின்றுவிடும். வலி வந்துவிட்டால் நடைக்கு மாறி, வலிக்கும் இடத்தை விரல்களால் அழுத்தி, சற்று முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள்.

தூக்கம் குறைந்தால் வழக்கமான வேகமே கடினமாகத் தெரியும். படுக்கும் நேரத்தை வாரத்துக்கு அரை மணி முன்னே நகர்த்தி, 7 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

வலி நெஞ்சுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவினால், தலை சுற்றினால், ஓய்வெடுத்தும் விடாவிட்டால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.