“நீயே வரைஞ்சு குடும்மா!”

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படம் வரைவோம். கொஞ்ச நாளாக அவள் பென்சிலையே தொடுவதில்லை. “எனக்கு வராது, நீயே வரைஞ்சு குடும்மா” என்கிறாள். என்ன செய்வது?

பதில்: ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் நன்றாக வரைவீர்களோ? அப்படியென்றால் சிக்கல் அங்கேதான். உங்கள் யானையையும் தன் யானையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வயது அவளுக்கு வந்துவிட்டது.

ஓவிய வாத்தியாரான நானே இதில் சறுக்கியிருக்கிறேன். என் மகன் நாலு வயதில் ஒரு கோழி வரைந்தான், நாலு காலோடு. “கோழிக்கு ரெண்டு கால்தானேடா” என்று ரப்பரை எடுத்து இரண்டை அழித்துவிட்டேன். அப்புறம் பல மாதம், எதை வரைந்தாலும் பாதியில் கொண்டுவந்து “சரியா இருக்காப்பா?” என்று நின்றான். அந்தக் கோழி ஓடிக்கொண்டிருந்ததாம். வேகமாக ஓடத்தான் நாலு கால். வளர்ந்த பிறகு அவனே சொன்னான். அன்றைக்கு நான் கேட்கவே இல்லை.

மூன்று, நாலு வயதுப் பிள்ளை மனிதனை வரைந்தால் பெரும்பாலும் ஒரு பெரிய தலை, அதிலிருந்தே நேராக இரண்டு கால். வயிறே இருக்காது. இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் வீடு வரைவார்கள், சுவரைத் தாண்டி உள்ளே கட்டில் தெரியும். இதெல்லாம் திருத்த வேண்டிய பிழையே இல்லை. முதலில் அந்த ரப்பரை ஒளித்துவையுங்கள்.

சரி, இன்று சாயங்காலம் இதைச் செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தாளில் ஒரு கிறுக்கல் போடுங்கள். அவள் அதை ஏதாவது ஒன்றாக மாற்றட்டும். அடுத்து அவள் கிறுக்கட்டும், நீங்கள் மாற்றுங்கள். டொனால்ட் வின்னிகாட் என்ற இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர், தன்னிடம் அழைத்து வரப்பட்ட பிள்ளைகளோடு பழக இந்த விளையாட்டைத்தான் ஆடினார். இதில் உங்கள் கைத்திறமைக்குப் பெரிய வேலை கிடையாது. “இது மீசை வச்ச மீன்” என்று அவள் சொன்னால், “சூப்பர்” என்று முடித்துவிடாதீர்கள். மீனுக்கு மீசை எதற்கு என்று கேளுங்கள். பதில் நீளமாக வரும், பொறுமையாக உட்காருங்கள்.

கேள்வி: வரைந்தால் பரிசு என்று ஆசை காட்டலாமா?

பதில்: வேண்டாம். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆர்வம் இருந்த சின்னப் பிள்ளைகளில் சிலரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், விளையாட்டு நேரத்தில் அந்தப் பிள்ளைகள் ஸ்கெட்ச் பேனாவோடு செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை.

படத்தைச் சுவரில் ஒட்டுங்கள், போதும். பிள்ளை அண்ணாந்து பார்க்காமலே தெரிகிற உயரத்தில்.