தாலாட்டில் என்ன 'வெறும்'?

கேள்வி: லோ (Low) என்ற அமெரிக்க இசைக்குழுவை எப்போது பார்த்தாலும் தூக்கிப் பிடிக்கிறீர்கள். எனக்கு அது வெறும் தாலாட்டாகத்தான் கேட்கிறது. இதை எப்படி ராக் என்பது?

பதில்: முதலில் அந்த 'வெறும்' வேண்டாம். தாலாட்டில் தூங்குவது குழந்தை மட்டும்தான், பாடுகிறவர் விழித்திருந்தாக வேண்டும். குரல் கொஞ்சம் ஏறினாலும் குழந்தை விழித்துக்கொள்ளும், சட்டென்று நிறுத்தினாலும் விழித்துக்கொள்ளும். அப்படி ஒரு கட்டுப்பாட்டை கிதாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 30 வருடம் காப்பாற்றியவர்கள் இவர்கள். 1994இல் வந்த முதல் ஆல்பத்திலேயே 'லல்லபை' (தாலாட்டு என்றே அர்த்தம்) என்று ஒரு பாட்டு உண்டு, கிட்டத்தட்ட 10 நிமிடம். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிற்பாதியில் கிதார் மெல்ல மெல்ல எங்கே போய் நிற்கிறது என்று கேட்டவர் 'வெறும்' போடமாட்டார்.

மினசோட்டாவின் டுலூத் நகரத்தில் ஆலன் ஸ்பார்ஹாக், மிமி பார்க்கர் தம்பதி லோவைத் தொடங்கிய வருடம் 1993. கிரஞ்ச் என்ற இரைச்சலான ராக் உச்சத்தில் இருந்த நேரம். மிமி டிரம்ஸை நின்றுகொண்டே வாசிப்பார், அதுவும் பெரும்பாலும் குச்சிக்குப் பதில் பிரஷ்ஷால். ஓரிரு டிரம், ஒரு சிம்பல், அவ்வளவுதான். கூட்டம் பேச ஆரம்பித்தால் ஒலியைக் கூட்டமாட்டார்கள், இன்னும் குறைப்பார்கள். கச்சேரியில் முதுகைக் காட்டிக்கொண்டு கதை பேசுகிறவர்களை நான் பலமுறை திட்டியாகிவிட்டது, இன்னும் திட்டுவேன். டிக்கெட் வாங்கியது கேட்பதற்கு. பேசுவதற்கு வெளியே நிறைய இடம் இருக்கிறது.

இப்படி மெதுவாக வாசிக்கும் ராக்குக்குக் குத்தப்படும் 'ஸ்லோகோர்' என்ற முத்திரையோடும் எனக்குப் பழைய சண்டை. குழுவுக்கே அந்தப் பெயர் பிடித்ததில்லை. ஒருவரை எத்தனை வேகத்தில் நடக்கிறார் என்பதை வைத்தா அடையாளம் சொல்வோம்? சரி, மெதுவானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2013இல் மினியாபொலிஸ் ராக் த கார்டன் விழாவில் அவர்கள் வாசித்தது ஒரே ஒரு பாட்டு, 27 நிமிடம். முடித்துவிட்டு ஆலன் சொன்னது, "ட்ரோன், நாட் ட்ரோன்ஸ்". முதல் ட்ரோன் நீண்டு நிற்கும் சுருதி, இரண்டாவது குண்டு போடும் ஆளில்லா விமானம். கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கோபம். தாலாட்டுக்கு யாரும் அப்படிக் கோபப்படுவதில்லையே!

2018இல் வந்த 'டபுள் நெகட்டிவ்' ஆல்பத்தைக் கேளுங்கள். ஆலன், மிமி இருவரின் குரல்களையும் இரைச்சலில் போட்டு நொறுக்கியிருப்பார்கள். அத்தனை இரைச்சலுக்கு அடியிலும் மிமியின் குரல் பதறாமல் நிற்கும். அதில் மென்மையைத் தவிர வேறு ஏதோ ஒரு பிடிவாதம் இருக்கிறது. ராக்குக்கு நான் தேடுவது அதைத்தான், டெசிபலை அல்ல.

2022 நவம்பர் 5 அன்று மிமி சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். குழுவும் அதோடு நின்றது. 2024இல் ஆலன் தனியாக ஒரு ஆல்பம் போட்டார். அதில் அவர் தன் சொந்தக் குரலில் பாடவில்லை. கருவியில் போட்டு, அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிய குரல். 30 வருடம் பக்கத்திலேயே ஒலித்த குரல் போன பிறகு தன் குரலைத் தனியாகக் கேட்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அதைக் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

'லல்லபை'யை இன்று ராத்திரி முழுசாகக் கேளுங்கள். பாடுவது மிமி.