குமாரனும் அறியார்

கேள்வி: "இயேசு கடவுள் என்றால், உலக முடிவு எப்போது என்று அவருக்கே எப்படித் தெரியாமல் போனது? மேசியா என்பவர் கடவுளா, கடவுள் அனுப்பிய மனிதரா?"

இதை எந்த நிலைமையில் கேட்கிறீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. யாரோ ஒருவர் மாற்கு 13:32-ஐ உங்கள் முன் நீட்டியிருப்பார். "அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார்." உங்களுக்கு வாய் அடைத்துப் போயிருக்கும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகள் விட்டிருக்காது. எனக்கும் அப்படித்தான் ஆனது. என்னை மடக்கியவனுக்கு வயது 11.

நான் இறையியல் படித்தவள் இல்லை. முறையாகப் படித்தவர்கள் இந்தத் தளத்தில் இருக்கிறீர்கள், தெரியும். சண்டே ஸ்கூலில் ஒன்பது வருடம் பாடம் நடத்தியவள், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாடம் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. அந்தப் பையன் எழுந்து என் மேஜைக்கே வந்துவிட்டான். வேதாகமத்தில் மத்தேயு 24-ல் ஆள்காட்டி விரலையும், மாற்கு 13-ல் ஒரு பென்சிலையும் செருகிப் பிடித்திருந்தான். "டீச்சர், இதுல 'குமாரனும் அறியார்'னு இருக்கு. அதுல அது இல்ல. எது சரி? அவருக்கு நிஜமாவே தெரியாதா?"

நான் யோசிக்கவே இல்லை. "தெரியும்பா. நமக்குச் சொல்ல வேண்டாம்னு அப்படிச் சொன்னார்."

"தெரிஞ்சுகிட்டே தெரியாதுன்னு சொன்னாரா?"

போன வாரம்தான் பத்துக் கட்டளையில் பொய்ச்சாட்சி பற்றி நடத்தியிருந்தேன். அவன் அதைச் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் அதுதான் இருந்தது. "போய் உட்காரு, பெரியவனானா புரியும்" என்றேன். அவன் பென்சிலை உருவிக்கொண்டு போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தான், நோட்டில் அழகாக எழுதினான், மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கினான். கேள்வி மட்டும் கேட்கவில்லை.

அந்த உறுத்தலில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் உங்கள் கேள்வியின் பின்பாதி. மேசியா என்ற சொல்லுக்குக் கடவுள் என்று அர்த்தம் இல்லை. எபிரேயத்தில் மாஷியாக், கிரேக்கத்தில் கிறிஸ்தோஸ், இரண்டுக்கும் எண்ணெய் வார்க்கப்பட்டவர், அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்றுதான் பொருள். கிறிஸ்து என்பதை ஏதோ குடும்பப் பெயர் மாதிரி சொல்லிப் பழகிவிட்டோம், அது ஒரு பட்டம். ஆரோனுக்கு ஆசாரியனாக எண்ணெய் வார்த்தார்கள். தாவீதுக்கு ராஜாவாக சாமுவேல் வார்த்தார். எலிசாவைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம் பண்ணும்படி எலியாவுக்குக் கட்டளை வந்தது. ஏசாயா 45-ல் பாரசீக ராஜா கோரேசையே கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர் என்று எழுதியிருக்கிறது. இஸ்ரவேலின் கடவுளை அறியாத ஒரு ராஜா! ஆக, அந்தச் சொல் அவர் என்ன வேலைக்கு வந்தார் என்று சொல்கிறது. அவர் யார் என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் தர்க்கத்தில் தோற்பது நிச்சயம்.

இயேசுவின் காலத்தில் யூதர்கள் பலர் எதிர்பார்த்தது தாவீதின் வம்சத்தில் ஒரு ராஜா. சாக்கடல் பக்கம் கிடைத்த பழைய யூத நூல்களான கும்ரான் சுருள்களில் ஆரோன் வழியில் ஒருவர், இஸ்ரவேல் வழியில் ஒருவர் என்று இரண்டு மேசியாக்கள் வருகிறார்கள். அது ஏதோ விசித்திரம் இல்லை, அவர்கள் சட்டப்படி யோசித்திருக்கிறார்கள். ராஜா யூதா கோத்திரம், ஆசாரியன் லேவி கோத்திரம், ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கக் கூடாது. உசியா ராஜா ஆலயத்துக்குள் போய்த் தூபம் காட்ட முயன்று நெற்றியில் குஷ்டத்தோடு வெளியே வந்தார். அதனால்தான் யூதா கோத்திரத்தில் பிறந்த இயேசுவை ஆசாரியர் என்று சொல்ல, எபிரெயருக்கு எழுதின நிருபம் அவ்வளவு பாடுபட்டு மெல்கிசேதேக்கைக் கொண்டு வருகிறது. அவர் ராஜா, ஆசாரியன் இரண்டும்; லேவி பிறப்பதற்கு முன்பே இருந்தவர். தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா என்று மூன்றையும் ஒரே மேசியாவிடம் சேர்த்துச் சொல்வது 4-ம் நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய யுசேபியுஸிடமே இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதி கால்வின் அதை ஒழுங்காக விரித்தார்.

பேதுரு "நீர் கிறிஸ்து" என்றாரே, சரியான பதில். ஆனால் பாடுபட வேண்டும் என்று இயேசு சொன்னதும் அவரைத் தனியே அழைத்துக்கொண்டு போய்க் கடிந்துகொள்ளப் பார்த்தார், "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். பட்டம் சரி, மனதில் வைத்திருந்த ஆள் வேறு. 132-ல் ரோமை எதிர்த்துக் கிளம்பிய பார் கோக்பாவை ரபி அகிபா மேசியா என்று நம்பினார். 135-ல் பார் கோக்பா கொல்லப்பட்டதும் அந்த நம்பிக்கை முடிந்தது. சாதாரணக் கணக்குப்படி சிலுவையிலும் அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும். உயிர்த்தெழுந்தார் என்று சொன்னதால்தான் சீஷர்களால் அந்தப் பட்டத்தைக் கைவிடாமல் இருக்க முடிந்தது. அப்படிப்பட்டவர் யார் என்ற கேள்வி அங்கிருந்துதான் முளைக்கிறது.

இப்போது என் பையனின் கேள்விக்கு வருகிறேன். (என் பையன் என்கிறேன், பாருங்கள்.)

அலெக்சாந்திரியாவில் குருவாக இருந்த ஆரியுஸ், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நேரம் உண்டு என்றார். அவர் கட்சிக்காரர்களுக்குக் கையில் கிடைத்த ஆயுதங்களில் ஒன்று இதே மாற்கு வசனம். தெரியாதவர் எப்படிக் கடவுள் ஆவார்? 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று சொல்லி அதை மறுத்தது. அதோடு தீரவில்லை. ஆரியுஸை விடாப்பிடியாக எதிர்த்த ஆயர் அப்பொல்லினாரிஸ் மறுபக்கம் போய் விழுந்தார். இயேசுவுக்கு உடல் மனித உடல், ஆனால் மனித மனம் இருக்க வேண்டிய இடத்தில் தேவ வார்த்தையே, அதாவது தேவகுமாரனே, இருந்தது என்றார். 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கத்தில் அதையும் மறுத்தார்கள். நாசியான்சுஸ் கிரெகோரி என்ற ஆயர் அதற்குச் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: மனிதனில் எதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லையோ, அது குணமாகவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் காது சூடானது. மனித முகம், மனிதக் கை, உள்ளே எல்லாம் தெரிந்த கடவுள், வெளியே தெரியாத மாதிரி ஒரு பேச்சு. நான் அந்தப் பையனுக்குக் கொடுத்த இயேசு அவர்தான். அப்பொல்லினாரிஸ் பெயரைக் கேள்விப்படாமலே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். மனித மனம் என்றால் கற்றுக்கொள்ளும், வளரும், எல்லாம் தெரிந்துவிடாது. அவர் ஞானத்தில் விருத்தியடைந்தார் என்று லூக்காவே எழுதுகிறார். நம் அறியாமையையும் சேர்த்துத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அதை விலக்கிவிட்டால் "மனுஷரில் தெரிந்துகொள்ளப்பட்ட" ஆசாரியர் என்று எபிரெயர் நிருபம் சொல்வது அவருக்குப் பொருந்தாது. கிரெகோரியின் விளக்கம் நேரானது: தேவனாக அறிவார், மனிதனாக அறியார். 451-ல் கல்செதோன் சங்கம் இரண்டு தன்மைகளும் ஒரே ஆளில் கலக்காமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருக்கின்றன என்றது. கவனியுங்கள், நான்கும் "இல்லை" என்ற வார்த்தைகள். எப்படி என்று அவர்கள் விளக்கவே இல்லை, வேலி மட்டும் போட்டார்கள். (கோப்திக், அர்மீனிய, சிரிய சபைகள் இந்தச் சங்கத்தை ஏற்கவில்லை. அவர்களும் அவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். அதனால் கருத்துப் பெட்டியில் அவர்களைத் திட்ட ஆரம்பிக்க வேண்டாம்.)

பழைய சபையின் பெரிய ஆசிரியர் அகஸ்டினே உன் முதல் பதிலைச் சொல்லியிருக்கிறாரே என்று ஒருவர் கட்டாயம் வருவார். தெரியும். 'அறியார்' என்றால் நமக்கு அறிவிக்கமாட்டார் என்ற பொருளில் அவர் எடுக்கிறார், ஆபிரகாமிடம் கடவுள் "இப்பொழுது அறிந்திருக்கிறேன்" என்றதையும் அந்த ரீதியில் விளக்குகிறார். ஆயர் அம்புரோஸ் ஒரு படி மேலே போய், அந்த வார்த்தையே ஆரியுஸ் கட்சிக்காரர்கள் நுழைத்தது என்று சந்தேகப்பட்டார். பெரியவர்கள், யோசித்துச் சொன்னார்கள். நான் பையனிடம் சொன்னபோது அகஸ்டின் மனதில் இல்லை, மணி எப்போது அடிக்கும் என்பதுதான் இருந்தது.

சரி, இவ்வளவையும் படித்துவிட்டு நான்கு வாரம் இதையே பாடமாக எடுக்கிறேன் என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை இருக்கிறது, வகுப்பு நேரமெல்லாம் அதற்குத்தான் என்றார். அந்த நான்கு வாரமும் நான் அட்டையில் சிறகு வெட்டித் தூதர்களுக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன், நாளும் நாழிகையும் தெரியாத அதே தூதர்களுக்கு. புது வருடத்தில் "சின்னப் பிள்ளைகளுக்குக் குழப்பம் வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது, என் வகுப்பு வேறொருவருக்குப் போனது. விசுவாசப் பிரமாணத்தை வாராவாரம் ஒப்பிக்க வைப்பார்கள், அதில் ஒரு வரிக்கு அர்த்தம் சொன்னால் குழப்பமாம். ஸ்பீக்கர் வாங்க மட்டும் தனிக் கமிட்டி உண்டு. விடுங்கள், நீங்கள் இதைக் கேட்கவில்லை.

அவன் கேட்டதில் இன்னொரு பாதி பாக்கி இருக்கிறது. மத்தேயுவில் ஏன் இல்லை? நாங்கள் வைத்திருந்த பழைய மொழிபெயர்ப்பில் இல்லை, அவ்வளவுதான். மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் "குமாரனும்" இருக்கிறது, புதிய மொழிபெயர்ப்புகள் அதைச் சேர்த்திருக்கின்றன. படியெடுத்த யாரோ, இது சங்கடமாக இருக்கிறதே என்று விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். மாற்குவிலிருந்து யாரோ சேர்த்தது என்பவர்களும் உண்டு. எனக்கு முதல் கட்சிதான் நம்பும்படி இருக்கிறது. அந்த மாதிரி ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், ஒன்பது வருடம் அவர் மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். இதை அந்தப் பையனிடம் சொல்ல ஆசை. அவர்கள் குடும்பம் வீடு மாற்றிப் போய்விட்டது, பழைய வருகைப் பதிவேட்டில் இருந்த எண்ணும் இப்போது வேலை செய்யவில்லை.