கணக்குல 31, ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்த அவனே போட்டுட்டான்: ஒரு அம்மாவுக்கு பதில்

அக்கா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பத்தாவது படிக்கிற உங்க பையனுக்கு காலாண்டுல கணக்கு 31, ரேங்க் கார்டுல அவங்க அப்பா கையெழுத்த தம்பியே போட்டு குடுத்துட்டான், மிஸ் போன் பண்ணப்பறம்தான் உங்களுக்கே விஷயம் தெரிஞ்சிருக்கு, அதுலேர்ந்து டெஸ்ட்னாலே காலைல வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்கிறான். ஆனா நீங்க கேட்டிருக்கறது பதினொன்னாவதுல எந்த குரூப் போடலாம்னு. அது மே மாசத்து கேள்விக்கா, அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு.

முதல்ல அந்த கையெழுத்து. 31 வாங்குனது வேற, கையெழுத்து போட்டது வேற, ரெண்டுக்கும் சேத்து ஒரே மூச்சுல திட்டாதீங்க. அப்படி திட்டுனா மார்க் குறையறதும் திருட்டுத்தனம் மாதிரின்னு அவன் மனசுல பதிஞ்சிடும், அடுத்த தடவை இன்னும் நல்லா மறைக்க கத்துப்பான், அவ்ளோதான். கையெழுத்துக்கு ஒரே வேலை, அப்பாவும் கூட ஸ்கூலுக்கு போகட்டும் ஆனா பேசுறது தம்பிதான், "நான்தான் போட்டேன் மிஸ், சாரி"ன்னு அவன் வாயால சொல்லி அங்கயே அப்பாகிட்ட சரியான கையெழுத்து வாங்கி குடுக்கட்டும். அதோட அந்த கதை முடிஞ்சுது. பொங்கலுக்கு சித்தி வர்றப்ப "இவன் பண்ண காரியம் தெரியுமா"ன்னு ஆரம்பிக்கவே கூடாது.

வயித்து வலிய நடிப்புன்னு சொல்லாதீங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, உடம்புல ஒன்னும் இல்லன்னு அவர் சொன்னாலும் அந்த பிள்ளைக்கு வலிக்கிறது நிஜம், பயத்துல வயிறு பிசையும். தூக்கம் போச்சு, சாப்பாடு எறங்கல, "நான் இல்லாம போனா நல்லா இருக்கும்"ங்கற மாதிரி ஏதாவது பேசுறான்னா மட்டும் ஒரு நாள் கூட தள்ளிப் போடாதீங்க, 14416ங்கற மனநல உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். 104லயும் பேசலாம்.

இப்ப அந்த 31க்கு வர்றேன். வீட்ல எல்லாரும் மார்க்க பாத்திருக்கீங்க, விடைத்தாள யாராவது பிரிச்சு பாத்தீங்களா? எங்கிட்ட வர்றவங்கள்ல பாதி பேர் பாத்திருக்க மாட்டாங்க. அத எடுத்து வச்சு போன மார்க்க ஒவ்வொன்னா மூணா பிரிங்க: சுத்தமா தெரியாதது, தெரிஞ்சும் தப்பா போட்டது, தொடாமலே விட்டது. பத்தாவது கணக்கு பேப்பர்ல ஒன் மார்க் 14, ரெண்டு மார்க் 14 குடுத்து 10 எழுதணும், அஞ்சு மார்க்கும் அதே மாதிரி 14ல 10, கடைசியா எட்டு மார்க் ரெண்டு, அதாவது ஜியோமெட்ரியும் கிராஃபும். இந்த கடைசி 16 மார்க்க சாய்ஸ்ல விட முடியாது, ஆனா முப்பதுல நிக்கிற பிள்ளைங்க பேப்பர்ல பெரும்பாலும் வெள்ளையா கெடக்கறது இந்த பக்கம்தான். இத்தனைக்கும் இதுக்கு பெரிய மூளை ஒன்னும் வேணாம், கை பழகணும். ஒத்த முக்கோணம், அதாவது அதே வடிவத்துல வேற அளவு முக்கோணம் வரையறத எடுத்துக்கோங்க, ஸ்கேல் ஃபேக்டர், அதாவது எத்தனை மடங்குங்கறது 7/4னா அடிப்பக்கத்தோட ஒரு முனையிலேர்ந்து சாய்வா ஒரு கோடு போட்டு அதுல 7 புள்ளி வைக்கணும், நாலாவது புள்ளிய அடிப்பக்கத்தோட மறு முனையோட சேத்துட்டு ஏழாவதுலேர்ந்து அதுக்கு இணையா, நீட்டுன அடிப்பக்கம் வரைக்கும் இழுக்கணும், அங்கேர்ந்து முக்கோணத்தோட மூணாவது பக்கத்துக்கு இணையா இன்னொரு கோடு, அவ்ளோதான், 1ஐ விட பெரிய எண்ணுன்னா புது முக்கோணம் பெருசா வரும். பசங்க மாட்டறது எந்த புள்ளிய மொதல்ல சேக்கறதுன்னுதான், அப்பறம் காம்பஸ்ல பென்சில் லூசா ஆடும், படம் கோணிக்கும், இவன் "எனக்கு கணக்கே வராது"ன்னு முடிவு பண்ணிடுவான். இருபது ரூபா காம்பஸ் பண்ற வேலைக்கா அது.

இத நீங்க உக்காந்து சொல்லிக் குடுக்காதீங்க, தப்பா நினைக்காதீங்க, பெத்தவங்களுக்கு பத்தாவது நிமிஷமே கோவம் வந்துடும். தெருவுல காலேஜ் படிக்கிற அக்காவோ அண்ணனோ, இல்ல உங்க அண்ணன் மகனோ, ரிட்டயர் ஆன வாத்தியாரோ, யாராவது ஒருத்தர் ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் வரட்டும். இது டியூஷன் இல்ல. அவங்க பாடம் எடுக்கவே வேணாம், "இத எப்படி போட்ட, எனக்கு சொல்லு"ன்னு கேட்டாலே போதும், வாயத் தொறந்து சொல்லும்போது எங்க சிக்குதுன்னு அவனுக்கே தெரிஞ்சிடும். ஆனா ஒரு கண்டிஷன், அவங்ககிட்ட தம்பி என்ன பேசுனான்னு நீங்க துருவித் துருவி கேக்கக் கூடாது. கேட்டீங்கன்னா அடுத்த வாரத்துலேர்ந்து அவன் பேசமாட்டான்.

தைரியம் வர மோட்டிவேஷன் ஸ்பீச் எதுக்காவது அனுப்பலாமான்னு கேட்டிருந்தீங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. உங்க அம்மா அப்பா எப்படி கஷ்டப்படறாங்கன்னு ஒருத்தர் மைக் புடிச்சு பேசுவாரு, ஹால் மொத்தமும் அழும், ஏற்கனவே பயந்து கெடக்கற பிள்ளை கூடுதலா ஒரு குத்த உணர்ச்சிய தூக்கிட்டு வீட்டுக்கு வரும். அதுக்கு பதிலா பேங்க்ல பணம் கட்ட அனுப்புங்க, சலான அவனே எழுதட்டும், தப்பா எழுதுனா கவுண்டர்ல அவனே கேட்டு மாத்தட்டும். ஏழாவது படிக்கிற தங்கச்சிக்கு பின்னம் சொல்லிக் குடுக்க சொல்லுங்க. வீட்ல ஒருத்தருக்காவது நாம சொல்லித் தர்ற ஆளா இருக்கோம்ங்கறது பெரிய விஷயம். அப்பறம் பக்கத்து வீட்டு பொண்ணு 478னு சொல்றத நிறுத்துங்கக்கா, கவர்ன்மென்டே 2017லேர்ந்து ஸ்டேட் ரேங்க் அறிவிக்கறத விட்டுட்டாங்க, நம்ம வீட்ல மட்டும் எதுக்கு.

அரையாண்டுக்கு முன்னாடி ரெண்டு மூணு ஞாயித்துக்கெழமயாவது பரிட்சை நேரத்துலயே உக்காந்து முழுசா மூணு மணி நேரம் எழுதிப் பாக்கட்டும். தெரிஞ்ச பிள்ளைங்க கூட கடைசி அரை மணி நேரத்துல கை வலிச்சு விட்டுடறாங்க. பப்ளிக்ல கேள்வித்தாள் படிக்க மட்டும் 10 நிமிஷம் தருவாங்க, எத எழுதறது, எத விடறது, எது கட்டாயக் கேள்வின்னு அதுலயே முடிவு பண்ண பழகணும். சயின்ஸ் பிராக்டிக்கல் 25 மார்க், அதுல 15, தியரில 75க்கு 20, ரெண்டும் தனித்தனியா எடுத்து மொத்தம் 35 வரணும், அதனால பிராக்டிக்கல் சமயத்துல வயித்து வலின்னு லீவ் போட விட்டுடாதீங்க, மெதுவா பேசி அனுப்பிடுங்க.

ஒரு பேப்பர் போயிட்டாலும் அந்த வருஷமே துணைத்தேர்வு எழுதி பதினொன்னாவது சேரலாம். டிப்ளமோ மூணு வருஷம் முடிச்சா நேரா பி.இ. ரெண்டாம் வருஷம் போகலாம், ஐடிஐ படிச்சவங்களுக்கும் வழி இருக்கு. இதெல்லாம் இப்பவே அவங்கிட்ட சொல்லி வைங்க, ஆனா "படிக்கலன்னா பாலிடெக்னிக்ல தள்ளிடுவேன்"னு மெரட்டற மாதிரி வேணாம், சாப்பிடும்போது சாதாரணமா பேசுங்க. நாளைக்கு அவன் அங்கயே சேர ஆசப்படலாம்.

இந்த வாரம் ஒன்னு மட்டும் பண்ணுங்க. தம்பிகிட்ட கேட்டுட்டு, அவன் சரின்னு சொன்னா, அந்த கணக்கு விடைத்தாள போட்டோ எடுத்து அனுப்புங்க. மார்க் போட்ட மொத பக்கம் எனக்கு வேணாம், உள்ள இருக்கற பக்கங்கள் போதும்.