தசமபாகமும் அம்மாவின் இன்சுலினும்

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 19,000 ரூபாய். அப்பா இல்லை. அம்மா ஊரில் தனியாக இருக்கிறார்கள். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. இன்சுலினுக்கும் மாத்திரைக்கும் மாதம் மூவாயிரத்துக்கு மேல் ஆகிறது. தங்கச்சி கல்யாணக் கடனுக்குத் தவணை 5,500. ரூம் வாடகை, சாப்பாடு எல்லாம் போனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை.

இங்கே நான் போகிற சபையில் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்று, கட்டாயம். காணிக்கைக் கவரில் பெயர் எழுதித்தான் போட வேண்டும். இரண்டு மாதமாக என்னால் போட முடியவில்லை. வேதாகமத்தில் மல்கியா புத்தகம் 3-ஆம் அதிகாரத்திலிருந்து, தசமபாகம் கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று பாஸ்டர் பிரசங்கம் பண்ணினார். எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. அதற்கடுத்த வாரம் பைக் வழுக்கி விழுந்து கையில் எலும்பு விரிசல். "கர்த்தருக்குக் கொடுக்காததை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறாய், பார்த்தாயா?" என்று சபையில் ஒரு அண்ணன் கேட்டார். அம்மாவோ, "முதலில் கர்த்தருக்குக் கொடு, எனக்கு ஊசி ஒரு வேளை போடாவிட்டால் ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். நான் கர்த்தரை வஞ்சிக்கிறேனா? தசமபாகம் முழுச் சம்பளத்திலா, கைக்கு வருவதிலா? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, ஊசியை ஒரு வேளைகூட விடக் கூடாது என்று சொல்லுங்கள். தசமபாகத்தை அப்புறம் பேசலாம்.

அந்த பைக் விஷயத்தையும் முதலிலேயே முடித்துவிடுவோம். லூக்கா 13-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசுவே பேசுகிறார். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, 'அப்படியல்ல' என்று பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். கோபுரம் விழுந்ததற்கே கணக்குப் பார்க்காதே என்கிறவர், ரோட்டில் பைக் வழுக்கியதற்கா கணக்குப் பார்க்கப்போகிறார்? தசமபாகம் ஒழுங்காகக் கொடுக்கிறவர்களும் கீழே விழுகிறார்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர், உன் துன்பத்துக்கு உன் பாவம்தான் காரணம் என்ற யோபுவின் நண்பர்களைப் போல் பேசினால், கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

இனி மல்கியா. 'மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?' என்ற வசனமும் 'வானத்தின் பலகணிகளைத் திறந்து' என்ற வசனமும் நம் சபைகளில் சிறுபிள்ளைக்கும் மனப்பாடம். பிரசங்கம் எட்டாம் வசனத்தில் தொடங்கிப் பத்தில் முடிந்துவிடும். மூன்று வசனம் மேலே போய் ஐந்தாம் வசனத்தைப் படியுங்கள். கர்த்தர் யாருக்கு விரோதமாகச் சாட்சியாக நிற்பேன் என்கிறார்? சூனியக்காரருக்கும் விபசாரருக்கும் பொய்யாணை இடுகிறவருக்கும் அடுத்தபடியாக, கூலிக்காரன் கூலியையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கு. தசமபாகத்தைப் பற்றிக் கேட்கிற அதே தேவன், அதே அதிகாரத்தில், அதற்கு முன்னாலேயே விதவையைப் பற்றிக் கேட்டுவிட்டார். உங்கள் அம்மா ஒரு விதவை. இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசிக்காமல் ஒன்றை மட்டும் மைக்கில் வாசித்தால் கேட்கிறவனுக்குப் பயம்தான் வரும்.

அப்படியானால் தசமபாகம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? கர்த்தருடைய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியருக்கு என்பார்கள். சரிதான், எண்ணாகமம் 18-இல் அப்படித்தான் இருக்கிறது. அவர்களுக்கு இஸ்ரவேலில் நிலம் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. ஆனால் உபாகமம் 14-ஐ எடுத்துக் கடைசி எட்டு வசனங்களை நிதானமாகப் படியுங்கள். நான் அதை முழுதாக வாசித்துப் பிரசங்கம் கேட்டது மிகக் குறைவு. வருஷா வருஷம் வயலில் விளைந்ததில் பத்தில் ஒன்றைப் பிரித்து, கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குக் கொண்டுபோய், குடும்பத்தோடு அங்கேயே சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்கிறது. இடம் தூரமாக இருந்தால் விற்றுப் பணமாக்கி, அங்கே போய் மனதுக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிடு என்கிறது. வாங்கலாம் என்று சொல்லப்பட்ட பட்டியலில் என்னென்ன இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எழுதினால் எனக்கு வேறு கடிதங்கள் வரும். அதன் பிறகு 28, 29-ஆம் வசனங்கள்: மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை உன் வாசல்களில் வை, லேவியனும் பரதேசியும் (அதாவது அந்நியனும்) திக்கற்றவனும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாகட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, விதவையின் மருந்துக் காசிலிருந்து எடுத்துத் தசமபாகம் கட்ட வேண்டும் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குப் புரியவில்லை. யாருக்காக அது ஏற்பட்டதோ அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

லேவியராகமம் 27-இல் இன்னொரு சின்ன விவரம். ஆடுமாடுகளை மேய்ப்பன் கோலின் கீழே ஒவ்வொன்றாக விடும்போது பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. ஒன்பது ஆடு மட்டுமே வைத்திருந்தவன் என்ன செய்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பிரச்சினைக்கு மிகக் கிட்டத்தில் வருவது மாற்கு 7. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் மகனுடைய கடமை தீர்ந்தது என்று அன்றைய வேதபாரகர், அதாவது வேதத்தைப் போதித்தவர்கள், சொல்லிக்கொடுத்தார்கள். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. இயேசு அதைப் பக்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. 'தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். பத்துக் கட்டளையில் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பது இருக்கிறது. அந்தக் கனத்தில் மருந்துச் செலவும் உண்டு என்பதுதான் அந்தப் பகுதி முழுவதும் சொல்கிற விஷயம்.

அப்போஸ்தலனாகிய பவுலும் அதையே சொல்கிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் 'அவிசுவாசியிலும் கெட்டவன்' என்பது 1 தீமோத்தேயு 5:8. அதே அதிகாரம் 16-ஆம் வசனம் இன்னும் நடைமுறையாகப் பேசுகிறது: விசுவாசியின் குடும்பத்தில் விதவை இருந்தால் அந்த விசுவாசியே பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் பாரத்தைச் சபையின்மேல் வைக்கக் கூடாது. அதாவது, மாதாமாதம் நீங்கள் ஊருக்கு அனுப்புகிற மூவாயிரம், நீங்கள் அனுப்பாவிட்டால் சபை சுமக்க வேண்டிய பாரம்.

இவ்வளவும் சொன்னதால், தசமபாகமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும்கூடத் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்கள் என்று பரிசேயரைக் கண்டித்தபோது, 'அவைகளையும் விடாதிருக்கவேண்டும்' என்றும் இயேசு சேர்த்துத்தான் சொன்னார். ஊழியருக்கும் வீடு, பிள்ளைகள், பள்ளிக்கூட ஃபீஸ் உண்டு. ஜனங்கள் கொடுக்காமல் விட்டதால் லேவியரும் பாடகரும் ஆலயத்தை விட்டு அவரவர் வயலுக்கு ஓடிப்போனதை நெகேமியா 13-இல் படிக்கலாம். பல சிறு சபைகளில் இன்றும் அந்த நிலைதான். ஆனால் அன்றைய ஆளுநரான நெகேமியா, ஜனங்களைத் தசமபாகம் கொண்டுவரச் செய்ததோடு நிறுத்தவில்லை. பண்டகசாலைக்கு உண்மையுள்ளவர்கள் என்று பெயரெடுத்த நான்கு பேரை விசாரிப்புக்காரராக வைத்தார். பெயர்கள்கூட 13-ஆம் வசனத்தில் இருக்கின்றன. பவுலும் காணிக்கைப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல் சகோதரரைக் கூட்டிக்கொண்டுதான் போனார். கர்த்தருக்கு முன்பாக மட்டும் அல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்கிறார். கவரில் உங்கள் பெயரை எழுதச் சொல்கிற சபை, வருஷக் கடைசியில் வரவு செலவுக் கணக்கையும் வாசிக்கிறதா?

புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்கு எழுதிய நிருபங்களில் பவுல் பத்தில் ஒன்று என்று கணக்குக் கொடுக்கவில்லை. 'அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்' என்கிறார். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்றும் எழுதுகிறார். கொடுக்காவிட்டால் சாபம் வந்துவிடும் என்கிற பயத்துக்குக் கலாத்தியர் 3:13 போதும். சிலுவையில் தீர்ந்த சாபத்தைக் காணிக்கைக் கவர் திரும்பக் கொண்டுவராது.

சரி, இந்த மாதம் என்ன செய்வது? அம்மாவுக்கு அனுப்புவதை முதலில் அனுப்புங்கள். கடன் தவணையைத் தள்ளாதீர்கள். 'ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள்' என்பதும் வேதம்தான். பிறகு ஒரு தொகையை மனதில் நியமித்துக்கொள்ளுங்கள். இருநூறோ ஐந்நூறோ, அது உங்களுக்கும் கர்த்தருக்கும் உள்ளது. உங்கள் அம்மாவின் தலைமுறையில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். அதை யாரும் பத்தில் ஒன்றா என்று அளந்து பார்த்ததில்லை. உங்கள் தொகையும் அப்படிச் சிறியதாக, ஆனால் தவறாமல் இருக்கட்டும். கடன் முடிந்து அந்த 5,500 கைக்கு வரும் மாதத்தில் தொகையைக் கூட்டுங்கள். அப்போது புது ஃபோனுக்கு இ.எம்.ஐ. போட்டுவிட்டு, அம்மாவுக்கு மருந்து இருக்கிறதே என்று சபையிடம் சொல்லாதீர்கள். அதுவும் ஒருவகைக் கொர்பான்தான், திருப்பிப் போட்டது.

இரண்டு மாத நிலுவை என்று ஒன்று கிடையாது. யாராவது ஐந்தில் ஒன்று கூட்டிக் கட்டு என்று லேவியராகமம் 27:31-ஐக் காட்டினால், அது விளைச்சலைக் கொடுக்காமல் அதற்குப் பதிலாகப் பணம் கட்டி மீட்டுக்கொள்கிறவனுக்குச் சொன்னது என்று சொல்லுங்கள்.

பாஸ்டரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம். சம்பளம் இவ்வளவு, மருந்து இவ்வளவு, தவணை இவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். நல்ல மேய்ப்பராக இருந்தால் அம்மாவுக்காக ஜெபித்து அனுப்புவார்; இன்னும் நல்லவராக இருந்தால் ஒரு மாத இன்சுலினைச் சபை வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்பார். அப்படிக் கேட்டால் வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 6-இல் விதவைகளுக்கு அன்றாட விசாரிப்பு நடத்திய சபையின் வழியில் வந்தவர்கள்தானே நாம்.

முழுச் சம்பளமா, கைக்கு வருவதா என்று கேட்டிருந்தீர்கள். வயலில் விளைந்ததில் பத்தில் ஒன்று என்பதுதான் உபாகமத்தின் கணக்கு. சம்பளத்தில் பிடிக்கிற பி.எஃப். உங்கள் கைக்கு வரும்போது அதைப் பற்றி யோசித்துக்கொள்ளலாம். இப்போதைக்கு 19,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கை சரியாகும்வரை பைக் எடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்