சிங்கப்பூர், கோலாலம்பூர் இரண்டுக்கும் சேர்த்து விமான டிக்கெட்டை எப்படிப் பதிவு செய்வது?

பாலக்காடு மாவட்டம் சித்தூரிலிருந்து மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் எட்டு நாள் பயணமாகச் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் செல்ல விரும்புவதாகவும், கொச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு இடையில் கோலாலம்பூர் சென்று திரும்புவது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்பதே என் பதில். ஒரு நகரத்தில் இறங்குங்கள், மற்றொரு நகரத்திலிருந்து ஊருக்குப் புறப்படுங்கள். உங்களுக்குப் பக்கத்தில், கொழிஞ்சாம்பாறையில் இருப்பவன் நான். நீங்கள் நினைத்திருக்கும் முறையிலேயே ஒருமுறை பதிவு செய்து பட்ட அனுபவத்தால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் மகளும் மாமியாருமாக நால்வர் சென்றோம். கொச்சி–சிங்கப்பூர் போய்வரும் டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் அதையே எடுத்தோம். கடைசி நாள் காலையில் கோலாலம்பூரில் பேருந்து ஏறினால் மாலைக்குள் சிங்கப்பூர் வந்துவிடலாம், இரவு விமானத்தைப் பிடித்துவிடலாம் என்பது என் கணக்கு. இரண்டு நகரங்களுக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 350 கிலோமீட்டர்தான். பேருந்து வழக்கமாக ஐந்து, ஆறு மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால் அது சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து எல்லாரும் சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த நாள் என்பதை நான் பார்க்கவில்லை. மலேசிய எல்லையில் ஜொகூர் பாரு பக்கம் ஒரு சோதனை, சிங்கப்பூர் எல்லையில் உட்லண்ட்ஸ் பக்கம் இன்னொரு சோதனை என்று இரண்டு இடத்திலும் பெட்டிகளோடு இறங்கி, அங்கே குடிநுழைவு என்று சொல்கிற வரிசையில் நின்று, மீண்டும் ஏற வேண்டும். முழங்கால் வலியோடு மாமியார் அந்த வரிசையில் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. சாங்கி விமான நிலையத்தை நாங்கள் அடைந்தபோது எங்கள் விமானம் போய்விட்டிருந்தது. தாமதம் சாலையில் ஏற்பட்டது என்பதால் விமான நிறுவனத்திடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. மறுநாளுக்கு நான்கு புதிய டிக்கெட்டுகள் வாங்கினோம். மலிவு என்று நினைத்து எடுத்த பயணம் இருமடங்குச் செலவில் முடிந்தது.

போய்வரும் டிக்கெட்தான் மலிவு என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. முழுச்சேவை விமான நிறுவனங்கள் பலவற்றில் அது இன்னும் உண்மைதான். அவற்றில் ஒருவழி டிக்கெட் சில நேரம் போய்வரும் கட்டணத்தையே நெருங்கிவிடும். அத்தகைய நிறுவனமானால், அதன் தளத்தில் ‘மல்டி சிட்டி’ என்று இருக்கும் தேர்வில் கொச்சி–சிங்கப்பூர், கோலாலம்பூர்–கொச்சி என்று இரண்டு கட்டங்களாகக் கொடுத்துத் தேடுங்கள். பெரும்பாலும் இரண்டு போய்வரும் கட்டணங்களின் பாதிப் பாதியைக் கூட்டினாற்போன்ற தொகை வரும். மலிவுக் கட்டண நிறுவனங்களிலோ ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியாகவே விலை வைக்கிறார்கள். ஆகவே போவதற்கு ஒரு நிறுவனம், வருவதற்கு வேறொரு நிறுவனம் என்று இரண்டு ஒருவழி டிக்கெட் எடுப்பதால் பொதுவாக நட்டம் வராது.

இங்கேதான் கேரள–தமிழ்நாடு எல்லையில் வாழும் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னைக்காரருக்கு ஒரே விமான நிலையம். நமக்கோ வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர், மேற்கே தேசிய நெடுஞ்சாலை 544 வழியாகத் திருச்சூரைக் கடந்தால் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து கொச்சிக்கும் நேரடி விமானங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, சாலை வழியாகக் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து கொச்சியில் வந்திறங்குவதே என் பரிந்துரை. எங்கும் விமானம் மாற வேண்டியதில்லை, ஒரு வழியை இருமுறை கடக்க வேண்டியதுமில்லை. சொந்தக் காரை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போக முடியாது என்பது ஒன்றுதான் குறை. கட்டணத்தை ஒப்பிடும்போது நெடும்பாசேரியிலிருந்து வீட்டுக்கு வரும் டாக்சிச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

எந்த நகரம் முதலில் என்று கேட்டால் சிங்கப்பூர் என்பேன். பேருந்தில் தாமதமானாலும் அன்றிரவு கோலாலம்பூர் விடுதிக்குத்தான் நேரம் கழித்துப் போகிறோம். விமானம் எதுவும் தவறாது. பெட்டி எடையும் ஒரு காரணம். மலிவுக் கட்டண டிக்கெட்டில் பெட்டிக்கான பணத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாகக் கட்டுகிறோம். போகும்போது கைப்பையோடு போய்விட்டு, கடைசியில் கோலாலம்பூரில் துணிமணி வாங்கித் திரும்பும் பயணத்துக்கு மட்டும் 20 கிலோவோ 25 கிலோவோ சேர்த்துக்கொள்ளலாம். அதைப் பதிவு செய்யும்போதே சேர்த்துவிடுங்கள், விமான நிலையக் கவுன்ட்டரில் கேட்டால் பல மடங்கு ஆகும்.

ஒருவழி டிக்கெட்டோடு கவுன்ட்டருக்குப் போனால், சிங்கப்பூரிலிருந்து எப்படி வெளியேறுவீர்கள் என்று கேட்பார்கள். கோலாலம்பூர்–கொச்சி டிக்கெட்டையும் இடையிலுள்ள பேருந்து டிக்கெட்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். சிங்கப்பூருக்கு நமக்கு விசா தேவை. அதை அனுமதி பெற்ற முகவர் மூலம் விண்ணப்பித்து, கிடைத்த பிறகு கட்டணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டுகளை எடுப்பது பாதுகாப்பானது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்திருக்கிறது. அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. இரண்டு நாடுகளும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்பச் சொல்கின்றன. இரண்டும் இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளமல்ல.

பெயர் விஷயத்தில் நம்மவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நம் கடவுச்சீட்டு பலவற்றில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், அல்லது தந்தையின் பெயர் அங்கே இருக்கும்; டிக்கெட்டிலோ இனிஷியலை மட்டும் போட்டுவிடுகிறோம். குடும்பப் பெயர் இல்லாதவர் தம் பெயரையே இருமுறை எழுத வேண்டுமா, வேறு குறியீடு போட வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. இரண்டு நிறுவனங்களில் பதிவு செய்கிறீர்கள் என்றால் இரண்டின் விதியையும் தனித்தனியாகப் படியுங்கள். முன்பதிவுக்குப் பிறகு பெயரைத் திருத்துவது கடினம், சில நேரம் முடியவே முடியாது.

தேதியையும் அப்படியே பாருங்கள். 10ஆம் தேதி 12.20 மணி, அதாவது நள்ளிரவு தாண்டிப் புறப்படும் விமானத்துக்கு 9ஆம் தேதி இரவே விமான நிலையம் சென்றாக வேண்டும். இரண்டு நகரங்களும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே இரவில் ஏறினால் அங்கே மறுநாள் காலை. அறையை அந்தத் தேதிக்கே பதிவு செய்யுங்கள். டிக்கெட் விலை வேறு நாட்டு நாணயத்தில் காட்டப்பட்டால், வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து வையுங்கள்; புதிய அட்டைகளில் அது மூடியே தரப்படுகிறது.

மல்டி சிட்டி முறையில் ஒரே டிக்கெட்டாக எடுத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: முதல் கட்டத்தில் பயணம் செய்யாமல் விட்டால் மீதிக் கட்டங்களும் ரத்தாகிவிடும். தனித்தனி ஒருவழி டிக்கெட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

கொச்சியில் பின்னிரவில் இறங்கும் விமானம் வாய்த்தால், பிள்ளைகளோடு உடனே சாலைப் பயணத்தில் இறங்காமல் விமான நிலையத்தில் விடியும்வரை இருந்துவிட்டு, அங்கமாலியிலோ ஆலுவாயிலோ காலை ரயிலைப் பிடித்துப் பாலக்காடு வாருங்கள். சென்ற முறை நாங்கள் அப்படித்தான் வந்தோம், மாமியாரும் உடன் இருந்தார்.